பிரேக் மாஸ்டரின் உப்புத்தண்ணீர்த் தொட்டி

மாஸ்டருடைய வலது கால் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்தி இருபத்துநாலு வருஷம் ஆகிறது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் சொதப்பினால், பக்கத்தில் இருக்கிற மாஸ்டர் அதை மிதிக்க வேண்டும். இவர் மிதித்தார். மிதித்து மிதித்து, வண்டியை விட்டு இறங்கிய பிறகும் கால் மட்டும் டியூட்டியிலேயே இருந்தது. அடுப்பில் பால் பொங்கி வந்தால் சோபாவில் இருந்தபடியே தரையை மிதிப்பார். எதிர்வீட்டுக் குழந்தை சைக்கிளில் வேகமாகப் போனால் ஜன்னலோரம் நின்று மிதிப்பார். சோபாவுக்கு முன்னால் கிடக்கும் விரிப்பில் அந்த ஒரு இடம் மட்டும் நூல் நூலாகப் பிரிந்து கிடக்கும்.

கால் போதாதென்று பிரஷரும் சேர்ந்துகொண்டது. வருஷா வருஷம் டாக்டர் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான், ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் லைசென்ஸைப் புதுப்பிப்பார்கள். இந்த வருஷம் டாக்டர் பேனாவை மூடி பையில் வைத்துவிட்டார்.

"நூத்தி அறுபத்தாறு. நூத்தி அம்பதுக்குக் கீழ வந்தாத்தான் போடுவேன். ரெண்டு மாசம் டைம். மாத்திரைய ஒழுங்காப் போடுங்க, உப்பைக் குறைங்க, மனசுக்கு அமைதியா எதையாவது பாருங்க. மீன் கீன் வளக்கலாம்."

ஸ்கூல் முதலாளி அவர் பங்குக்கு ஆறுதல் சொன்னார். "கையெழுத்து வரலேன்னா கவுன்டர்ல உக்காந்து ஃபாரம் எழுதிக் குடுங்க மாஸ்டர். அங்க ஃபேன்கூட இருக்கு."

அந்த ஃபேனை நினைத்தாலே மாஸ்டருக்கு வேர்த்தது. தினம் தினம் செத்துப் பிழைக்கிற வேலைதான், இல்லையென்று யார் சொன்னது. ஆனால் முதல் நாள் ஸ்டீயரிங்கைத் தொடவே பயந்த ஆள், மூன்று மாசம் கழித்துத் தனியாக ஓட்டிக்கொண்டு தெருவில் இவரைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போவான். அந்த ஒரு ஹாரனுக்காக இவர் எத்தனை பிரேக் வேண்டுமானாலும் மிதிப்பார். கவுன்டருக்கு யார் வந்து ஹாரன் அடிப்பார்கள்?

அப்போது அவரிடம் கற்றுக்கொண்டிருந்தவர்களில் அலங்கார மீன் கடை வைத்திருந்த ஓர் அம்மாவும் உண்டு. டெஸ்ட்டில் இரண்டு முறை தோற்றவர். மாஸ்டர் அவர் கடைக்கே போய் நின்றார். கடைக்காரம்மா வரிசையாக நல்லதண்ணீர்த் தொட்டிகளைக் காட்டினார். எல்லா மீனும் இங்கேயும் அங்கேயும் பறந்ததில் மாஸ்டருடைய கால் பத்துப் பதினைந்து பிரேக் போட்டுவிட்டது. கடைசியாகப் பின்வரிசையில் ஒரு தொட்டி. விரல் நீளத்தில் மஞ்சளாக ஒரு மீன், கல்லுக்கு அடியில் இருந்த பொந்தின் வாசலில் மணல்மேல் தாடையை வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் உருட்டியபடி உட்கார்ந்திருந்தது. காவல்கார மீன் என்று பெயராம். மாஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கால்மணி நேரம் கழித்து கடைக்காரம்மா சொன்னார். "மாஸ்டர், உங்க கால் சும்மா இருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். உண்மைதான். யாரோ வீட்டுக் கால்போல அமைதியாக இருந்தது.

"எனக்கு இதே வேணும்."

"இது உப்புத்தண்ணி மீனு. முதல் தடவையே இதுன்னா கஷ்டம். வேலை ஜாஸ்தின்னு இல்ல. கைய வெச்சுக்கிட்டு சும்மா இருக்கணும். அதான் கஷ்டம்."

"சும்மா இருக்கறதுல என்னங்க கஷ்டம்?" என்றார் மாஸ்டர். பாவம், தெரியாமல் கேட்டுவிட்டார்.

தொட்டியும் பம்பும் ஹீட்டரும் வந்து இறங்கின. கூடவே ஒரு வாளி நிறைய உப்பு. பள்ளிக்கூட ஆபீஸ் வேலை முடிந்து வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னாரு. நீங்க அஞ்சு கிலோ வாங்கிட்டு வந்திருக்கீங்க."

"இது மீனுக்கும்மா."

"ஏன், அதுக்குப் பிரஷர் வராதா?"

மாடி வீட்டில் இருந்த மச்சினனும் இறங்கி வந்தான். மனைவியின் தம்பி. பேக்கரியில் விடியற்காலை மாவு பிசைந்துவிட்டு மத்தியானத்துக்குள் வீடு திரும்பி, கீழே அக்கா வீட்டில் சாப்பிடுகிறவன். அதற்குப் பிறகு அவனுக்கு இருக்கிற ஒரே வேலை மாமாவைக் கிண்டல் பண்ணுவதுதான்.

"மாமா, கடலே இங்கதான் இருக்கு, மீன் எங்க?"

"ஒரு மாசத்துக்கு மேல ஆகும் மாப்ள."

"நடந்தா வருது?"

கடைக்காரம்மா சொல்லி அனுப்பிய முறை இதுதான். வடிகட்டிய தண்ணீரில் உப்பைக் கரைத்து ஒருநாள் பூரா பம்பு ஓடவேண்டும். ஒரு சொட்டு எடுத்து, உப்பை அளக்கும் குழலின் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தில் பார்த்தால், முப்பத்தைந்தில் நீலக் கோடு நிற்கவேண்டும். மணல் பரப்பி மூன்று கல் வைக்கவேண்டும். அந்தக் கற்களில் கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் இருக்கின்றன. மீனின் கழிவு விஷமாகாமல் தின்று தீர்ப்பது அவைதான். அவை பெருகுவதற்காக ஒரு சிட்டிகை மீன்தீனியைப் போட்டு அழுகவிட வேண்டும். குப்பியில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து மருந்து விட வேண்டும். பச்சை வந்தால் விஷம். மஞ்சள் வந்தால் மீன் விடலாம். அதுவரை தொட்டிக்குள் கை போடக்கூடாது.

கை போடக்கூடாது என்பதைத் தவிர எல்லாவற்றையும் மாஸ்டர் ஒழுங்காகச் செய்தார். கல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதுபோல் தோன்றியது, நகர்த்தினார். பம்பு மணலை வாரியது, திருப்பினார். ஹீட்டர் விளக்கு அணைந்திருந்தது, தட்டினார். எரிந்தது, அதற்கும் ஒருமுறை தட்டினார். தண்ணீர் ஒரு விரல் குறைந்தபோது உப்புத்தண்ணீரையே ஊற்றி நிரப்பினார். நான்கு நாளில் நீலக் கோடு முப்பத்தெட்டுக்கு ஏறியது. அவருடைய பிரஷரின் மேல் எண்ணும் கூடவே ஏறியது.

"தண்ணிதான் ஆவியாப் போகும் மாஸ்டர், உப்பு எங்கயும் போகாது. குறையற அளவுக்கு வெறும் தண்ணி ஊத்துங்க," என்று கடைக்காரம்மா போனில் சொன்னார். "அப்புறம், கைய வெளிய எடுங்க."

"நான் கைய வெச்சிருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தண்ணி சத்தம் கேக்குதே."

தினமும் சாயங்காலம் மனைவி கையில் பட்டையைக் கட்டி அளந்தார். நூற்று ஐம்பத்தெட்டு. நூற்று அறுபத்திரண்டு. நூற்று அறுபத்தொன்பது. ஒவ்வொரு தடவையும் மெஷினை உறையில் போட்டுவிட்டு எதுவும் பேசாமல் எழுந்து போனார். அவர் திட்டியிருந்தால்கூட மாஸ்டருக்குத் தேவலாம்போல இருந்திருக்கும்.

மச்சினன்தான் பேசினான். "கல்லுக்கும் மண்ணுக்கும் பிரஷர் ஏத்திக்கிட்ட ஒரே ஆளு நீங்கதான் மாமா."

ஏழாவது வாரம் குப்பி மஞ்சளானது. கடைக்காரம்மா மீனைப் பையில் கொண்டுவந்து, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதில் கலந்து, ஒரு மணி நேரம் பழக்கி, மெதுவாக உள்ளே விட்டார். அன்று சாயங்காலம் மீன் கல் ஓரமாக உட்கார்ந்திருந்தது. மாஸ்டரும் சோபா ஓரமாக உட்கார்ந்திருந்தார். கால் சும்மா இருந்தது.

மறுநாள் காலை மீனைக் காணோம்.

டாக்டரிடம் போக இன்னும் ஒன்பது நாள். மாஸ்டர் தரையில் தேடினார், அலமாரிக்குப் பின்னால் தேடினார், வடிகட்டியைத் திறந்து பார்த்தார். வீட்டில் மூச்சு விடவில்லை. விட்டால் மச்சினன் அதை வைத்தே ஒரு வருஷம் ஓட்டுவான். மாடிப்படியில் நின்று ரகசியமாகக் கடைக்காரம்மாவுக்குப் போன் போட்டார்.

"கல்லைத் தூக்கிப் பாத்துடட்டுமா?"

"தூக்காதீங்க. அடியில பொந்து தோண்டிட்டு இருக்கும். கல்லு சரிஞ்சுதுன்னா நசுங்கிடும்."

"செத்திருந்தா?"

"சின்னத் தொட்டி மாஸ்டர். செத்தா ரெண்டு நாள்ல பச்சை காட்டிடும். மஞ்சளா இருக்கற வரைக்கும் அது இருக்குன்னு அர்த்தம்."

அன்றிலிருந்து காலையில் ஒரு குப்பி, சாயங்காலம் ஒரு குப்பி. வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, இது மஞ்சளா, கொஞ்சம் பச்சை தட்டுகிறதா என்று மனைவியைக் கேட்டார். மச்சினனைக் கேட்டார். தபால் கொடுக்க வந்தவரையும் கேட்டார். அவர், "மஞ்சள்தான், எதுக்கும் டாக்டரைப் பாத்துடுங்க," என்று இரக்கத்தோடு சொல்லிவிட்டுப் போனார். வேலைக்குக் கிளம்பும்வரையும், வந்ததிலிருந்து படுக்கும்வரையும் டார்ச்சை அடித்து முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றார். தெரிந்ததெல்லாம் அவருடைய மூக்குதான்.

அந்த வாரம் கடைக்காரம்மா மூன்றாவது தடவையாக டெஸ்ட்டில் தோற்றார். மறுநாள் வகுப்புக்கு வந்தபோது முகம் சின்னதாகிப் போயிருந்தது. பழகுவதற்கு மூடிக்கிடந்த ஒரு குடோனின் பின்புற மைதானத்துக்குப் போய் வண்டியை நிறுத்தினார்கள்.

"இங்க பாருங்க, சொன்ன இடத்துல நிக்குது. அங்க நிக்கவே மாட்டேங்குது மாஸ்டர். கோட்டைத் தாண்டி கம்பத்துல போய் முட்டுச்சு. அவங்க வண்டியில பிரேக் சரியில்லையோ?"

டெஸ்ட் எடுக்கிற ஆபீஸ் வண்டியில் பக்கத்து சீட்டுக்குப் பிரேக் கிடையாது. மாஸ்டர் தன் வலது காலைப் பார்த்தார். இப்போது வண்டி நின்றபோதும் அது கடைசிவரை அமுங்கித்தான் இருந்தது. அந்த அம்மா பாதி மிதிப்பார், மீதியைக் கால் மிதித்துவிடும். இரண்டு பேருக்குமே தெரியாமல் நாலு மாசமாக இதுதான் நடந்திருக்கிறது. அவருக்குக் காதோரம் சூடேறியது. சொல்லாமலே விட்டுவிடலாம். இன்னும் பத்து வகுப்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் முடிந்தது.

"பிரேக் நல்லாத்தான் இருக்கு மேடம். இங்க வண்டிய நிறுத்தினது நான்."

"எப்ப?"

"எப்பவுமே."

கடைக்காரம்மா சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். கண்ணாடி வழியாக குடோன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு டெஸ்ட்டு மாஸ்டர்," என்றார். "வீட்ல என்னை மக்குன்னு சொல்றாங்க. நானும் ஆமான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

மாஸ்டர் தலையை நிமிர்த்தவில்லை.

"செருப்பைக் கழட்டுங்க."

அடிக்கத்தான் போகிறார் என்று மாஸ்டர் நினைத்தார். கழற்றினார்.

"காலை சீட்டு மேல தூக்கி மடிச்சு உக்காருங்க. நான் சொல்ற வரைக்கும் கீழ விடக்கூடாது."

ஐம்பத்திரண்டு வயதில், பெல்ட்டும் போட்டுக்கொண்டு, மாஸ்டர் பக்கத்து சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வண்டி குடோன் சுவரை நோக்கிக் கிளம்பியது. இரண்டு முழங்காலையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டார். சுவரில் ஒட்டியிருந்த பழைய போஸ்டரின் எழுத்துகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணைத் திறங்க மாஸ்டர். நின்னு ரொம்ப நேரமாச்சு."

முதல் தடவை கோட்டைத் தாண்டி ஒரு ஆள் நீளம் போயிருந்தது. ஆறாவது தடவை கோட்டின்மேல் நின்றது. இறங்கும்போது மாஸ்டருடைய சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் வந்திருக்கும். அதுவும் உப்புத்தண்ணீர்தான்.

டாக்டரிடம் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம். மீன் காணாமல் போய் எட்டு நாள் ஆகியிருந்தது. குப்பி மஞ்சள்தான். ஆனால் மாஸ்டர் இப்போது மஞ்சளையும் நம்பத் தயாராக இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு தண்ணீருக்குள் கையை விட்டார். கல்லை ஐந்து விரலாலும் பிடித்தாயிற்று. அப்போதுதான் ராத்திரிக்குக் குழம்பு வாங்கிப்போக மச்சினன் பாத்திரத்தோடு இறங்கி வந்தான்.

"என்ன மாமா, துணி துவைக்கறீங்களா?"

"எட்டு நாளாச்சு மாப்ள. கண்ணுலயே படல. இன்னிக்குத் தூக்கிப் பாத்துடறேன்."

"எது?"

"மீனுதான்."

மச்சினன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அதான் தினமும் மூணு மணிக்கு வருதே மாமா."

மாஸ்டருடைய கை கல்லின்மேலேயே நின்றது.

"நான் இங்கதானே உக்காந்து சாப்பிடறேன். கரெக்டா மூணுக்கு வெளிய வரும். காலைல நீங்க போட்ட தீனியெல்லாம் பொறுக்கித் தின்னும். அப்புறம் வாசல்ல தாடைய வெச்சுக்கிட்டு என்னையே பாக்கும். நான் சாப்பிடறதை எண்ணுதோன்னுகூட எனக்கு ஒரு சந்தேகம்."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேட்டது குப்பியப் பத்தித்தானே? மீனைப் பத்தி எங்க கேட்டீங்க?" அவன் டார்ச்சை எடுத்துப் பார்த்தான். "இத அடிச்சுக்கிட்டு கண்ணாடியில மூஞ்சிய ஒட்டிக்கிட்டு நின்னா நான்கூட வரமாட்டேன் மாமா."

சமையலறையில் மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டு மாசத்தில் முதல் தடவை. மாஸ்டருக்குக் கோபம் வரத்தான் செய்தது, ஆனால் கை கல்லில் இருக்கும்போது கோபப்பட்டால் கல் சரிந்துவிடும். ஒவ்வொரு விரலாக விடுவித்துக் கையை வெளியே எடுத்தார். முழங்கையிலிருந்து தண்ணீர் விரிப்பில் சொட்டியது. மனைவி துண்டைக் கொண்டுவந்து துடைத்துவிட்டார். பட்டையைக் கொண்டுவரவில்லை.

"இன்னிக்கு அளக்க வேண்டாம்," என்றார். "நாளைக்கு டாக்டரே அளக்கட்டும்."

மறுநாள் மத்தியானம் கடைக்காரம்மாவின் வகுப்பு நேரம். கிளினிக் வரை அந்த அம்மாவே ஓட்டினார். ரோட்டில் சம்மணம் போட முடியாது, மாஸ்டருடைய கால் பிரேக்குக்குப் பக்கத்திலேயேதான் இருந்தது. ஒரே ஒருமுறை மிதித்தார். எதிரில் வந்தது லாரி, அது நியாயம். மற்ற இடங்களில் கால் துடித்தது, அவர் விடவில்லை.

டாக்டர் அளந்தார். "நூத்தி அம்பத்தெட்டு," என்று சொல்லி உதட்டைப் பிதுக்கினார். பேனா பையிலேயே இருந்தது. கவுன்டரும் அதன் தலைக்குமேல் சுற்றும் ஃபேனும் மாஸ்டருடைய கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

"படியேறி வந்திருப்பீங்க. வெளிய பத்து நிமிஷம் சும்மா உக்காந்துட்டு வாங்க. இன்னொரு தடவை பாக்கலாம். அதுலயும் வரலேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எதிர்ச் சுவர்க் கடிகாரத்தில் மூன்று அடிக்க இரண்டு நிமிஷம். முள் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றானது. இந்நேரம் மச்சினன் தட்டோடு உட்கார்ந்திருப்பான். மீன் வெளியே வந்து மணலில் தாடையை வைத்திருக்கும். பம்பு ஓடும், கிருமி தின்னும், ஹீட்டர் தானாக எரிந்து தானாக அணையும். அங்கே இவர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. அது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. யாரோ தோளைத் தொட்டபோதுதான் நர்ஸ் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார் என்று தெரிந்தது.

பட்டை இறுகியது, தளர்ந்தது. டாக்டர் மெஷினைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார், திரும்பவும் மெஷினைப் பார்த்தார்.

"நூத்தி நாப்பத்தெட்டு." பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. "ஒரு வருஷத்துக்குப் போட மாட்டேன். ஆறு மாசம். அப்புறம் திரும்ப வந்து காட்டணும்."

மாஸ்டர் காகிதத்தை நாலாக மடித்து, பிரித்து, கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து, மறுபடியும் மடித்துக்கொண்டு இறங்கி வந்தார். கடைக்காரம்மா ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே ரோட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னாரு மாஸ்டர்?"

"ஆறு மாசம் குடுத்திருக்காரு."

"போதும். அதுக்குள்ள நான் ரெண்டு டெஸ்ட்டு குடுத்துடுவேன்."

மாஸ்டர் கதவைச் சாத்தி பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"ஒண்ணே போதும் மேடம்," என்றார். "எடுங்க வண்டிய."