அடக்கிக்கொண்ட குழந்தை

அவர் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் ஆட்கள் மாட்டிக்கொண்டு அலறினாலும் பதறமாட்டார். அப்படிப்பட்டவரை ஆட்டிவைத்தது இரண்டு வயது நிரம்பாத அவருடைய மகள் சிட்டு.

மனைவி மறுபடியும் பேக்கரி வேலைக்குப் போகவேண்டும். டயபர் போட்ட பிள்ளையைச் சேர்ப்பதில்லை என்று காப்பகத்தில் சொல்லிவிட்டார்கள்.

"நான் லீவு போடறேன். ஒரே வாரத்துல பழக்கிடலாம்," என்றார் அவர்.

"அவளுக்கு வருதுன்னே இன்னும் சொல்லத் தெரியலைங்க."

"பக்கத்து வீட்டுப் பையன் இவளைவிடச் சின்னவன். அவன் போகலையா?"

நடுவில் துளை வைத்த குட்டி நாற்காலி ஒன்றை அவர் வாங்கிவந்தார். சிட்டுவை உட்காரவைத்தார். எழுந்தாள். உட்காரவைத்தார். மறுபடி எழுந்தபோது தோளைப் பிடித்து அழுத்தினார். "வந்தாத்தான் எந்திரிக்கலாம்!" வீடே அதிரக் கத்தினார். குழந்தை வீறிட்டு அழுதது.

அதற்குப் பிறகு அழுகை நின்றுவிட்டது. வழிக்கு வந்துவிட்டாள் என்று அவர் நினைத்தார். ஆனால் விளையாடிக்கொண்டிருப்பவள் திடீரென்று எழுந்து திரைச்சீலைக்குப் பின்னால் போய் நிற்பாள். கால்களைப் பின்னிக்கொள்வாள். முகம் ரத்தமாய்ச் சிவக்கும். சத்தமே வராது. பிறகு ஒன்றும் நடக்காதவள்போலத் திரும்பிவருவாள்.

"ஏங்க, இவ கடைசியா எப்போ வெளிய போனா?" என்று ஒருநாள் மனைவி கேட்டாள். இருவருக்கும் நினைவில்லை.

சிட்டு சாப்பாட்டைத் தள்ளிவிட ஆரம்பித்தாள். குளிக்க வைக்கும்போது அவர் கை வயிற்றில் பட்டது. கல் மாதிரி இருந்தது. அவருக்குப் பகீர் என்றது. மனைவியிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை சிட்டுவின் ஜட்டியில் தண்ணீராகக் கசிந்திருந்தது. கழுவிவிட்டால் மறுபடி கசிந்தது. அவருக்கு உயிரே திரும்பிவந்ததுபோல் இருந்தது. "பேதிதான்! எல்லாம் வெளிய வருது பாரு!" மருந்துக்கடைக்கு ஓடிப்போய்ப் பேதியை நிறுத்தும் மருந்து வாங்கிவந்து, ஒரு மூடி அளவு புகட்டினார்.

மதியம் வயிறு இன்னும் உப்பியது. குழந்தை வாந்தி எடுத்தாள். கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், உடனே மூடிக்கொண்டாள். மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள். மருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு அவரும் பின்னால் ஓடினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்தார். மருந்து பாட்டிலைக் கேட்டு வாங்கிப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"இது பேதி இல்லை. உள்ள இறுகி அடைச்சிருக்கு. அதுக்குப் பக்கவாட்டுல கசியுது. அதையும் நிறுத்தப் பாத்திருக்கீங்க. எத்தனை தடவை குடுத்தீங்க?"

"ஒரு... ஒரு தடவைதாங்க."

"அதோட விட்டீங்களே. ரெண்டு மணி நேரமாவது ஈரமில்லாம இருப்பாளா? வரதுக்கு முன்னாடி சொல்லுவாளா? ஜட்டியைத் தானா கழட்டுவாளா?"

மூன்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார்.

"அப்போ அவளுக்கு இன்னும் நேரம் வரலை. உக்கார வெச்சுப் பயமுறுத்தினதுல அடக்கப் பழகிட்டா."

திரைக்கு அந்தப் பக்கம் எனிமா கொடுத்தபோது குழந்தை அலறியது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

காப்பகத்து இடம் போய்விட்டது. மனைவி மாலை வேலைக்கு மாறிக்கொண்டாள். நாற்காலி பரணுக்குப் போனது. மலத்தை இளக்கும் மருந்து மாதக்கணக்கில் ஓடியது. மகள் சற்றுநேரம் அமைதியாக இருந்தாலே அவர் வீடெல்லாம் தேடுவார்.

மூன்று வயதை நெருங்கும்போது ஒரு மாலை சிட்டு அவர் சட்டையை இழுத்தாள். "அப்பா, வருது. நானே போறேன். நீ வராத."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே சத்தமில்லை. கதவைத் தள்ளப் போன கையை இழுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஜட்டியைக் கையில் பிடித்தபடி அவள் வந்தாள். காரியம் முடிந்திருந்தது. சிரிக்க வாயெடுத்தவள் சட்டென்று நின்று, அப்பா கோபமாக இருக்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தாள்.