பதினாறு இஞ்ச் சக்கரம்

செவிலிமேடு டயர் கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

என் சின்ன காருக்குப் பதினாலு இஞ்ச் சக்கரம். பதினாறு போட்டால் எடுப்பாக இருக்கும் என்று போன வாரம் மச்சானிடம் சொன்னது நான்தான். அவனுடையதும் இதே கார். முந்திக்கொண்டு நேற்றே மாட்டிவிட்டான்.

இன்று கடைக்குக் கிளம்பும்முன் பட்டுப்புடவை மூட்டைகளை வீட்டில் இறக்கிவைத்தேன். கிரீஸ் பட்டால் புடவை போச்சு. நெசவு வீட்டில் எல்லோரும் செய்வதுதான்.

என் வண்டியிலும் பதினாறு மாட்டியதும் அழகாகத்தான் இருந்தது. கடைக்காரர் கேட்டார்: "வண்டில என்னா ஏத்துவ?"

"புடவை மூட்டைண்ணா. பின்சீட்டு, டிக்கி எல்லாம் ரொம்பிடும்."

அவர் பின்சீட்டில் கடையிலிருந்த மூன்று பேரை உட்காரவைத்து வண்டியை நகர்த்தினார். சக்கரத்துக்கு மேலிருக்கும் தகட்டில் டயர் உரசி அறுபடும் சத்தம்.

"காலி வண்டில இது தெரியாதுபா. லோடு ஏத்திக்கினு வேகமா போனா டயர் கிழிஞ்சிடும். பதினாலே போட்டுக்கோ."

மச்சானும் காலி வண்டியில்தான் மாட்டினான். இன்று காலை மூட்டைகளோடு பெங்களூர் கிளம்பிவிட்டான். ஆறு முறை போன் அடித்துவிட்டேன். எடுக்கவில்லை.

அந்தச் சாலையில் பின்பக்கம் தாழ்ந்துபோகும் நீலக் காரைப் பார்த்தால் ஓரங்கட்டச் சொல்லுங்கள். நிறுத்தியதும் எனக்குப் போன் போட்டுத் திட்டச் சொல்லுங்கள். இன்று எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கொள்வேன்.