தாளம் போட்ட கை

எங்கள் புறநகரான குவேக்கர்ஸ் ஹில் பக்கம் தோள்பட்டைக்கு எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கப் போனேன். குழாய்க்குள் தலை நுழைந்ததுமே மூச்சு முட்டி, "வெளியே எடுங்க!" என்று அலறிவிட்டேன்.

ஸ்கேன் எடுத்த யாழ்ப்பாணத்துப் பெண், "பயப்பிடாதேங்கோ அன்ரி, பாட்டுப் போடுறன்" என்று ஹெட்போனில் கல்யாணி ராகக் கீர்த்தனை ஒன்றை வைத்தாள். என்ன அதிசயம்! மிஷினின் தடதட சத்தமும் என் பயமும் போன இடம் தெரியவில்லை.

ஸ்கேனைப் பாதியில் நிறுத்திவிட்டாள். "அன்ரி, படமெல்லாம் ஆடிப்போச்சு. தொடையில தாளம் போடுறியள்!"

எனக்குத் தெரியவே தெரியாது! நான் சொக்கிக் கிடக்க, கை தானாக ஆதி தாளம் போட்டிருக்கிறது.

"அப்ப வெறும் ஆலாபனை போடும்மா, அதுக்குத் தாளம் கிடையாது" என்றேன். படம் தெளிவாக வந்தது.

இப்போது பல் டாக்டரிடம் போனாலும் காதில் ஆலாபனைதான். கீர்த்தனையை வீட்டுக்கு வந்து கேட்கிறேன், கையின் ஆசை தீர.