நேசனுக்கு எத்தனை அண்ணன்மார்?

1. முழங்கால்

வேலையின் முதல் நாளே எங்களுக்கு ஒரு முழங்காலைக் காட்டினார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்த நான், லண்டனுக்கு வந்து சில வருடம் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் காசாளராக இருந்தேன். பிறகு ஒரு பல்கலைக்கழகத்தின் ஆசியவியல் துறையில் ஆய்வு உதவியாளர் வேலை கிடைத்தது. புறொஜெக்ட்டின் பொருள், லண்டனுக்கு வந்த யாழ்ப்பாணத் தமிழரின் உறவுமுறை. வீடு வீடாகப் போய் யார் யாரை என்ன முறை சொல்லி அழைக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். பிறகு அதைப் படமாக வரைய வேண்டும். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம்.

என் மேலதிகாரி டொக்டர் பெர்சிவல். ஆங்கிலேயர், மானிடவியலாளர், கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். சென்னையில் ஒரு பண்டிதரிடம் தமிழ் கற்றவர்.

முதல் வீடு ஸ்ட்ரெதத்தில். வீட்டுக்காரி ராசாத்தி அக்காவிடம் “டொக்டரும் நானும் வாறம்” என்று ரெலிபோனில் சொல்லியிருந்தேன். அந்தச் சொல்லே வினையாகிவிட்டது. நாங்கள் போய் சோபாவில் உட்கார்ந்ததும் அவர் சேலையைக் கொஞ்சம் உயர்த்தி வலது முழங்காலை நீட்டினார்.

“படி இறங்கேக்கைதான் குத்துது டொக்டர். எங்கடை ஜீ.பி. பனடோலைத் தவிர வேறை ஒண்டும் தாறாரில்லை.”

டொக்டர் முழங்காலை மரியாதையுடன் பார்த்தார். பிறகு தன் தமிழில் கேட்டார். “அம்மையீர், தங்கள் கணவரின் தமையனாரைத் தாங்கள் எவ்வாறு விளிப்பீர்கள்?”

ராசாத்தி அக்கா என் பக்கம் திரும்பினார். “என்ரை முழங்காலுக்கும் அவற்றை தமையனுக்கும் என்ன பிள்ளை சம்பந்தம்?”

இவர் வருத்தம் பார்க்கும் டொக்டர் இல்லை, படித்துப் பட்டம் வாங்கிய டொக்டர் என்று விளக்கினேன். அவர் சேலையை இறக்கிவிட்டு, டொக்டரை இரக்கத்துடன் பார்த்தார்.

“ஆர் ஆருக்கு என்ன முறையெண்டு கேக்கிறதுக்கு யூனிவசிற்றியிலை சம்பளமும் குடுக்கினமோ?”

விம்பிள்டனிலும் ஈஸ்ட் ஹாமிலும் இதே கேள்விதான். ஈஸ்ட் ஹாமில் ஒரு நகைக்கடைக்காரர் எங்களைக் கலியாணத் தரகர் என்று நினைத்து, மகளின் சாதகத்தையே எடுத்து வந்து வைத்தார். டொக்டர் அதையும் ஆர்வமாகப் படித்தார்.

2. ஹோம் ஒபிஸின் கணக்கு

ராசாத்தி அக்கா வீட்டின் மேல்மாடியில் நேசன் வாடகைக்கு இருந்தான். பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. தாய் யாழ்ப்பாணத்தில். சிரித்த முகம். ஊரில் இரண்டு தரம் பிடித்துக்கொண்டு போய் அடித்த அடியில் இடது காது சரியாகக் கேட்காது. அதைப் பற்றி அவன் அதிகம் பேசுவதில்லை.

ஒரு நாள் அவன் எங்கள் துறைக்கே வந்துவிட்டான். அகதி விண்ணப்பத்தை உள்துறை அமைச்சான ஹோம் ஒபிஸ் நிராகரித்திருந்தது. அப்பீலும் தோற்றால் விமானம் ஏற்றிவிடுவார்கள்.

“அக்கா, நான் பொய்யனாம். எயாப்போட்டிலை அஞ்சு அண்ணன்மார் எண்டு சொன்னனான். ரெண்டாவது இன்ரவியூவிலை, ஒரு தாய் தேப்பனுக்குப் பிறந்தவை எத்தினை பேரெண்டு கேட்டாங்கள். ரெண்டு பேர் எண்டனான். மிச்ச மூண்டு பேரும் எங்கையெண்டு கேக்கிறாங்கள்.”

“மிச்ச மூண்டு பேரும் ஆர்?”

“பெரியப்பாவின்ரை பெடியள். வேறை ஆர்?”

சொந்த அண்ணன்மாரைப் பற்றியே உண்மை சொல்லாதவர், அடிபட்ட கதையை மட்டும் உண்மையாகவா சொல்லியிருப்பார் என்பது ஹோம் ஒபிஸின் வாதம்.

அடுத்த மேசையில் கேட்டுக்கொண்டிருந்த டொக்டரின் முகம் மலர்ந்தது. வந்து நேசனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “மிக அருமையான சிக்கல்! யான் தங்களுக்காகச் சாட்சியம் அளிப்பேன்.”

“என்ன சொல்லுறார் அக்கா?”

“உனக்காகச் சாட்சி சொல்ல வாறாராம்.”

நேசன் கொஞ்சம் யோசித்தான். “இங்கிலீசிலைதானே சொல்லுவார்?” என்றான்.

நேசனுக்காக வழக்குப் பார்த்த சொலிசிட்டர் ஒரு கெட்டிக்காரப் பெண். டொக்டரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பழக்கினார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், முடிந்தால் ஆம் அல்லது இல்லை என்பதோடு நிறுத்துங்கள் என்றார். டொக்டர் தலையாட்டினார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. தேநீருக்குச் சீனி வேண்டுமா என்று கேட்டாலே ஒரு சொல்லில் பதில் சொல்லாதவர் அவர்.

3. பிளாஸ்டிக் குவளைகள்

விசாரணை ஓர் அலுவலகக் கட்டிடத்தின் சிறிய அறையில் நடந்தது. நீதிபதியின் இடத்தில் வயதான அஜுடிகேற்றர். எதிரே ஹோம் ஒபிஸ் தரப்பில் ஓர் இளம் அதிகாரி. நேசனின் வலது காதுக்கு அருகில் சென்னைக்காரப் பெண் ஒருவர், நடப்பதைத் தாழ்ந்த குரலில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். நான் பின்வரிசையில்.

டொக்டர் நன்றாகவே தொடங்கினார். தண்ணீர்க் கூசாவுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் குவளைகளை எடுத்து மேசையில் பரப்பினார். இது அப்பா, இது அம்மா, இது அப்பாவின் அண்ணன், இவை அவர்களின் பிள்ளைகள். தமிழில் இந்தப் பிள்ளைகள் எல்லோரும் ஒருவருக்கொருவர் அண்ணன் தம்பி என்றார்.

அஜுடிகேற்றர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து முன்னுக்குச் சாய்ந்தார். “என் மனைவியின் தங்கையைக் கட்டியவருக்கும் சொல் உண்டா?”

“உண்டு. சகலன்.”

“ஒரே சொல்லா?”

“ஒரே சொல்தான்.”

“அவருக்கு என்னிடமும் ஒரு சொல் இருக்கிறது. இங்கே சொல்ல முடியாது” என்றார் அஜுடிகேற்றர். அறை சிரித்தது. எனக்கு மூச்சு வந்தது.

பிறகு இளம் அதிகாரி எழுந்தார். “யாழ்ப்பாணத்தில் எல்லோரும் இப்படித்தான் அழைப்பார்கள் என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா?”

ஆம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். செமினாரில் அவர் கண்ணாடியைக் கழற்றினால் மதியச் சாப்பாடு பிந்தும் என்று அர்த்தம்.

“எல்லோரும் என்பது கடினமான சொல். இதில் இரண்டு கருத்துகள் உள்ளன” என்றார்.

சொலிசிட்டர் கண்களை மூடிக்கொண்டார். டொக்டர் முதல் கருத்தைச் சொன்னார். இரண்டாவதைச் சொன்னார். அந்த இரண்டையும் மறுக்கும் மூன்றாவது கருத்து ஒன்று நினைவுக்கு வர, அதையும் சொன்னார். நேசனின் சிரித்த முகம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. மேசையில் ஏறி டொக்டரின் வாயைப் பொத்தினால் என்ன என்றுகூட எனக்குத் தோன்றியது.

அதிகாரிக்கு உற்சாகம் வந்துவிட்டது. தானே ஒரு குவளையை எடுத்துத் தாயின் பக்கத்தில் வைத்தார். “அப்படியானால் தாயின் சகோதரருடைய மகன் இவர். இவரும் அண்ணன்தானே? இந்தக் கணக்கில் அண்ணன்மாருக்கு முடிவே இல்லையே!”

டொக்டர் நாலாவது கருத்துக்காக வாயைத் திறந்தார்.

“ஐயோ, அது அண்ணை இல்லை!”

எழுந்து நின்றவன் நேசன். வாய் திறக்கக் கூடாது என்று அவனுக்குச் சொல்லியிருந்தது. “அது மச்சான்! அண்ணையெண்டு சொல்லாதேங்கோ. அவற்றை தங்கச்சியை எல்லோ எனக்குப் பேசினவை!”

அஜுடிகேற்றர் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தப் பெண் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் ஆங்கிலத்தில் சொன்னார். “அவர் அண்ணன் அல்ல. அவருடைய தங்கையை எனக்குத் திருமணம் பேசினார்கள்.”

“திருமணம் நடந்ததா?” என்று அஜுடிகேற்றர் கேட்டார்.

“இல்லை ஐயா. நான் ஓமெண்டனான். அவள்தான் மாட்டன் எண்டவள்.”

மொழிபெயர்ப்பாளர் அதையும் சொல்லிவிட்டு, முதல் தடவையாக உதட்டைக் கடித்துக்கொண்டார். அஜுடிகேற்றர் கையை நீட்டி அந்தக் குவளையை எடுத்தார். அண்ணன்மாரிடமிருந்து நன்றாகத் தள்ளி, மேசையின் மறு ஓரத்தில் வைத்தார். பிறகு மச்சான் என்பதை எப்படி எழுத்துக்கூட்டுவது என்று கேட்டார்.

4. ரெலிபோன்

சில வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அப்பீல் வென்றது. உறவுமுறை பற்றி நேசன் காட்டிய கோபம் இட்டுக்கட்டியதாக இருக்க முடியாது என்று அஜுடிகேற்றர் எழுதியிருந்தார். டொக்டரின் மூன்று கருத்துகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. டொக்டருக்கு அதில் சின்ன வருத்தம்.

பிறகு நானும் மொழிபெயர்ப்பு வேலைக்குப் போய், அதிலேயே ஓய்வு பெற்றேன். இன்று இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அதிகாரி எத்தனை சகோதரர் என்று கேட்டால், கூடப்பிறந்தவர்களை மட்டுமா, முறைக்குச் சகோதரர் எல்லோரையுமா கேட்கிறீர்கள் என்று அவரிடமே அங்கேயே தெளிவு கேளுங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்க நீங்கள் வெட்கப்பட்டால் ஓர் அகதி பொய்யராகிவிடுவார்.

இன்னொன்றும் கற்றேன். தீர்ப்பு வந்த அன்று நேசன் எங்கள் அறைக்கு ஓடி வந்தான். கொழும்புக்கு ஒரு கோல் எடுக்கட்டுமா என்று கேட்டான். டொக்டர் ரெலிபோனைத் தூக்கி அவன் முன்னால் வைத்தார். லைன் கிடைத்தது.

“அம்மா” என்றான் நேசன். அதற்குமேல் பேச ஏலாமல் ரிசீவரைப் பிடித்தபடி அழுதான். அந்தப் பக்கத்துக் குரலும் அழுவது எங்களுக்குக் கேட்டது.

டொக்டர் பேனாவுடன் என் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார். “இவருடைய அன்னையார் யாழ்ப்பாணத்தில் அல்லவா இருக்கிறார்? அவ்வாறெனில் கொழும்பில் இருப்பவர் பெரியம்மாவா, சின்னம்மாவா?”

“அது இப்ப தேவையோ டொக்டர்?” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நேசனைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

அந்த அம்மா யாரென்று இன்றுவரை நாங்கள் கேட்கவில்லை.