ரொக் அண்ட் ரோலுக்குக் கந்தூரி கொடுத்தவர்

"பாட்டுக்காரன் எவன், எண்டைக்குப் பிறந்தான், எண்டைக்கு மௌத்தானான்? கேளுங்க, சொல்றன். நான் சொல்லாத தேதி ஒண்டும் துனியாவில இல்ல."

கல்முனை பஸாரில் ரேடியோ திருத்தும் மர்சூக், 2004 ஜூலை ஐந்தாம் தேதி இவ்வாறு பிரகடனம் செய்தபோது கூட்டம் கைதட்டியது. அறிவுக்காக அல்ல, பக்கத்தில் சோற்றுக் கிடாரம் திறந்திருந்தது. அமெரிக்காவில் ஒரு லொறிச் சாரதி சின்ன ஸ்டுடியோவொன்றில் பாடி, ரொக் அண்ட் ரோல் பிறந்து அன்றோடு ஐம்பது வருடமாம். அவுலியா மகான்களுக்கு வருடாவருடம் கொடுக்கிற கந்தூரிச் சாப்பாட்டை மர்சூக் அதற்குக் கொடுத்தார்.

"பாட்டுக்குக் கந்தூரியா மச்சான்? கபுறுக் குழிக்குள்ள என்ன பதில் சொல்லப்போறாய்?" என்றார் மைத்துனர் கச்சிமுகம்மது, இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டே.

டிரம் அடித்தவன் பாண்டிருப்பு வினோஜ். அவனுக்கு மட்டும் மாட்டிறைச்சி படாத தனிச் சட்டியில் கோழிக்கறி.

அந்த டிசம்பரில் கடல், கடையையும் கசெட்டுகளையும் மர்சூக்கின் மூத்த சகோதரி சல்மா உம்மா ராத்தாவையும் கொண்டுபோனது. தேதிகள் தலைக்குள் இருந்ததால் கடலுக்கு அகப்படவில்லை. அவற்றோடு ராத்தாவின் தேதியும் சேர்ந்துகொண்டது. அடுத்த ஜூலைக் கந்தூரி அகதி முகாமில், நிவாரண அரிசியில் நடந்தது. வினோஜ் தகர வாளியைத் தட்டினான். பிறகு வீடு கட்டும் வேலைக்கென்று கிளிநொச்சிக்குப் போனவனை, யுத்தம் திரும்பி வர விடவில்லை.

2009 மே மாதம், யுத்தம் முடிந்ததென்று பஸாரில் பட்டாசு வெடித்தது. மர்சூக் கடமை தவறாமல் அந்தத் தேதியையும் மனப்பாடம் செய்தார்.

அடுத்த ஏப்ரலில் வினோஜின் தாய் கலாராணி, மர்சூக் புதிதாகப் போட்டிருந்த கடைக்கு வந்தார். அன்றைக்கும் யாரோ ஒரு கிற்றார்காரரின் நினைவு நாள். மர்சூக் பாட்டை நிறுத்தினார்.

"தம்பி, அவன் செத்தது மெய்தான். பக்கத்து பங்கருக்குள்ள இருந்த மனிசி முகாமால வந்து சொல்லிற்றா. மே மாசமாம். எண்டைக்கெண்டு அவவுக்குத் தெரியா. அங்க ஆர் நாள் பாத்தது? திவசம் குடுக்க ஐயர் நாள் கேக்கிறார். நீங்கதானே எல்லாச் சாவுக்கும் தேதி வச்சிருக்கிறீங்க."

பக்கத்தில் நின்ற கச்சிமுகம்மது மர்சூக்கின் காதுக்குள், "ஏதாவது ஒரு நாளச் சொல்லு மச்சான். மனிசி ஆறுதலாப் போகட்டும்" என்றார்.

மர்சூக் போன வருடக் கலண்டரைத் தேடியெடுத்தார். மே மாதத் தாளில் அவர் விரல் ஒரு கட்டத்தில் நின்றது, அடுத்ததற்கு நகர்ந்தது, திரும்பி வந்தது.

"தெரியா அக்கா" என்றார்.