விருத்தாசலத்துக்குப் போன நான்கு பீர் பாட்டில்கள்

2008 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, காலை ஆறரை மணிக்குப் பெருங்களத்தூரில் விருத்தாசலம் பஸ்ஸில் ஏறினோம். நான், என் கணவர் குமரன், ஒன்றரை வயது மகன் இனியன். ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் தூரம். டிக்கெட் ஆளுக்கு எழுபது ரூபாய். இனியனின் துணிப்பையை மேல்தட்டில் வைக்க நான் விடவில்லை, கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டேன். அதற்குள் அவன் சட்டைகள், பருப்புப்பொடி டப்பா, காய்ச்சல் மருந்து, ஈரத்துணியில் சுற்றிய நான்கு பீர் பாட்டில்கள் இருந்தன.

குழந்தையின் பைக்குள் பீரா என்று கேட்பவர்களுக்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். குமரன் சனிக்கிழமை மாலையில் இரண்டு ஸ்ட்ராங் பீர் வாங்கி வருவார். சத்தம் கிடையாது, சண்டை கிடையாது. குடித்துவிட்டு எட்டு மணிக்கெல்லாம் தூங்கிப்போவார், அவ்வளவுதான். ஆனால் ஒரு சனிக்கிழமை இனியன் கட்டிலிலிருந்து விழுந்து வீறிட்டு அழுதபோதும் அவர் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து வாரத்தில் அந்த ஒரு மாலை மட்டும் எனக்குப் பயமாகிவிட்டது.

லண்டனில் வேலை பார்க்கும் என் தம்பி லீவில் வந்தபோது இதைச் சொல்லிப் புலம்பினேன். "குடிக்காதீங்கன்னு சொன்னா மாமா கேக்க மாட்டாரு. இதக் குடு" என்று விமானத்தில் கொண்டுவந்த அரை லிட்டர் பீர் பாட்டில்கள் நான்கையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனான். ஆல்கஹால் மூன்றரை சதவீதம் என்று லேபிளில் போட்டிருந்தது. நம் ஊர் ஸ்ட்ராங்கில் எட்டு. ஹாப்ஸ் என்ற கொடியின் பூவை நிறையப் போட்டு, மணத்தையும் கசப்பையும் கூட்டிச் செய்வதாம். மணிக்கணக்கில் பேசிக்கொண்டே குடிக்கலாம், ஆள் ஆளாகவே இருப்பார் என்றான். நான் செய்வது சரியா தப்பா என்று ஒரு மாதம் யோசித்தேன். விருத்தாசலத்தில் நாத்தனார் வீடு இருக்கிறது, நான்கு பேர் பக்கத்தில் இருப்பார்கள் என்று கடைசியில் துணிந்தேன்.

விழுப்புரத்தில் பக்கத்து இருக்கைக்கு ஒரு அம்மாள் வந்தார், கருவேப்பிலங்குறிச்சிக்குப் போகிறவர். பஸ் குலுங்கும்போதெல்லாம் பைக்குள் கணகணவென்றது.

"இன்னாம்மா அது, பால் பாட்டிலா?"

"ஆமாங்க, பாட்டிலுதான்."

"ஒரு புள்ளைக்கு எத்தினி பாட்டிலு! நல்லாத்தான் வளக்குற."

குமரன் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஈரத்துணியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துபோயிருந்தது. இந்த வகைக்கு வெயிலும் ஆகாது, குலுக்கலும் ஆகாது என்று தம்பி எச்சரித்திருந்தான். மணம்தான் இதன் மூலதனம்; சூடுபட்டால் முதலில் போவதும் அதுதானாம். உளுந்தூர்பேட்டையில் குடிக்க வாங்கிய தண்ணீர் பாக்கெட்டைக் கடித்துத் துணிமேல் பீய்ச்சினேன்.

உளுந்தூர்பேட்டை தாண்டியதும் செம்மண்ணும் முந்திரித் தோப்புமாக வந்தது. பன்னிரண்டு மணிக்கு விருத்தாசலம். பஸ் நிலையத்திலிருந்து பீங்கான் தொழிற்பேட்டைக்கு ஆட்டோவில் முப்பது ரூபாய். வழியில் சாலையோரக் கடைகளில் பீங்கான் பிள்ளையார்கள், தலையாட்டிப் பொம்மைகள், ஊதுவத்தி குத்தும் யானைகள் எல்லாம் வெயிலில் பளபளத்தன. இனியன் ஒவ்வொரு யானையையும் கைகாட்டிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தான்.

செல்வி அண்ணி, குமரனின் அக்கா. அவர் கணவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பேட்டைக்குள் சின்னதாக ஒரு பீங்கான் யூனிட் வைத்திருக்கிறார்; வீடு அதற்கு அடுத்த தெருவில். நல்ல சரக்கெல்லாம் கடைக்குப் போய்விடுவதால் வீட்டில் புழங்குவது முழுக்கக் கழித்துப் போட்டவைதான். சாய்ந்த தட்டு, காது கோணிய கோப்பை, ஒரு கண் விட்டுப்போன முயல் உண்டியல். பீங்கான் செய்கிற வீட்டில் நேரான ஒரு தட்டைப் பார்க்க முடியவில்லை. அந்தக் கோணல் தட்டில் சாம்பார் ஒரு பக்கமாக ஓடியது. இனியனுக்கு அது விளையாட்டாகிவிட்டது.

பாட்டில்களைப் பிரிட்ஜில் வைத்தார் அண்ணி. "இன்னா கலா, மருந்தா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும், "குடிக்கிறவன் கையில நீயே குடுக்கப்போறியா? கெட்டிக்காரிதான்" என்றார். பாராட்டா குத்தலா என்று தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் இருந்திருக்கும்.

மாலை நான்கு மணிக்கு அண்ணன் வந்தார். வெளிநாட்டுப் பீரைக் கண்ணாடி கிளாசில் குடிப்பது தன் தொழிலுக்கே அவமானம் என்று சொல்லி, யூனிட்டிலிருந்து ஒரு பெரிய குவளையை எடுத்துவந்தார். வெளிப்புறம் நீலத்தில் மின்னியது. உள்ளே பளபளப்புப் பூச்சு ஏறாமல் சுண்ணாம்புச் சுவர் மாதிரி சொரசொரப்பாக இருந்தது. அதனால்தான் கழிவில் விழுந்த குவளை.

"உள்ள பூச்சு இல்லியே மாமா" என்றார் குமரன்.

"குடிக்கிறதுக்கு உள்ள எதுக்குடா பூச்சு? ஊத்து."

ஊற்றியதும் பீர் பொங்கி எழுந்தது. சொரசொரப்பில் பட்ட இடமெல்லாம் நுரையாகி, குவளையைத் தாண்டி, அண்ணனின் லுங்கியை நனைத்து, தரையில் ஓடியது. பாதி பாட்டில் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

"நுரையாத்தான் வருது, பீரு எங்கடா?" என்று அண்ணன் குவளைக்குள் எட்டிப் பார்த்தார்.

"உங்க குவளையே குடிச்சிடுச்சு. நாப்பது வருஷமா மண்ணு பெசயிறீங்க, இது தெரியல?" என்றார் அண்ணி.

மீதியைக் கண்ணாடி கிளாசில் ஊற்றிக் கைமாற்றிக் குடித்துப் பார்த்தோம். அண்ணி தைரியமாக ஒரு வாய் குடித்ததால் நானும் ஒரு வாய் குடித்தேன். வாசகர்களுக்காக அதை ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன். மூக்கருகே கொண்டுபோனதும் நாரத்தை இலையைக் கசக்கிய வாசனை, அதன் பின்னால் ஆரஞ்சுத் தோல். இவ்வளவு நல்ல வாசனை ஒரு பீரில் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. வாயில் வைத்தால் அந்த அழகு பாதிதான் மிஞ்சுகிறது. தண்ணீர் போல மெலிந்து இறங்குகிறது. தாங்கிப்பிடிக்க இனிப்போ கனமோ இல்லாததால் கசப்பு மட்டும் தனியாக நாக்கின் அடியில் உட்கார்ந்துகொள்கிறது, வெந்தயம் மென்ற மாதிரி. ஆனால் கொஞ்ச நேரத்தில் இன்னொரு வாய் வேண்டும்போலவும் இருக்கிறது.

அண்ணன் முகத்தைச் சுளித்தார். "பாவக்கா தண்ணி. எனக்கு இது சரிப்படாது மாப்ள, நீயே குடி" என்று சொல்லிவிட்டு, சூளையில் சரக்கு இறக்க வேண்டும் என்று கிளம்பிப் போனார்.

குமரனுக்குப் பிடித்திருந்தது. "வாசன நல்லாருக்குது கலா. ஆனா ஒண்ணும் ஏறலியே" என்றபடி மெதுவாகக் குடித்தார். மீதமிருந்த மூன்றில் ஒன்று முடிந்தது, இரண்டாவதைத் திறந்தார். எனக்கு மனசு நிறைந்திருந்தது. ஆறு மணிக்கும் அவர் விழித்திருந்தார். இனியனை முதுகில் ஏற்றிக்கொண்டு யானையாகக் கூடத்தில் தவழ்ந்தார். அக்காவைக் கிண்டல் செய்தார். சனிக்கிழமையில் இந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. தம்பி சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவதைத் திறந்தபோதும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஏழு மணிக்கு இனியனைத் தூக்கினேன். உடம்பு சுட்டது. பஸ் வெயிலா, பிரிட்ஜ் தண்ணீரா, கோணல் தட்டில் எதையாவது நக்கினானா என்று என் மூளை ஓட ஆரம்பித்தது. மருந்து கொடுத்தும் மனசு கேட்கவில்லை. குழந்தை டாக்டர் இரண்டு கிலோமீட்டரில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தார்.

"நான் கூட்டிட்டுப் போறேன், வா" என்று ஆணியில் தொங்கிய மாமாவின் பைக் சாவியை எடுத்துக்கொண்டார் குமரன்.

நான் அசையவில்லை.

"இன்னா? இது மோரு மாதிரி கலா. பாரு, நேரா நிக்கிறேன்."

நேராகத்தான் நின்றார். பேச்சில் குழறல் இல்லை, கண்ணில் சிவப்பு இல்லை. ஸ்ட்ராங் குடித்திருந்தால் இந்நேரம் தூங்கியிருப்பார். இந்தப் பேச்சே எழுந்திருக்காது. விழித்திருக்கும் புருஷன் வேண்டும் என்றுதான் நான் இவ்வளவு பாடுபட்டேன். இப்போது விழித்து எதிரே நிற்கிறார், என்னால் குழந்தையை அவரிடம் கொடுக்க முடியவில்லை. மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரை லிட்டர் பாட்டில் மூன்று, மூன்றரை சதவீதம். எப்படிக் கூட்டினாலும் ஒரு பெரிய ஸ்ட்ராங் பாட்டிலுக்குச் சமமாக வந்து நின்றது.

"சாவியக் குடுங்க" என்றேன்.

"என்ன நம்பலியா?"

"உங்கள நம்புறேங்க. மூணு பாட்டிலத்தான் நம்பல."

அவர் முகம் சுருங்கியது. நாத்தனார் முன்னால் இப்படிச் சொல்லிவிட்டோமே என்று எனக்கு உடனே உறுத்தியது. ஆனால் செல்வி அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டே எழுந்தார். "குடுடா. பொண்டாட்டி சொன்னா கேளு. என் டிவிஎஸ்ஸு இருக்குது, வா கலா" என்றார்.

பேட்டைத் தெருவில் அண்ணி வண்டியை ஓட்டிய ஓட்டுக்கு, குடித்தவர் ஓட்டியிருந்தாலே தேவலாம் என்று பாதி வழியில் தோன்றிவிட்டது. இனியனை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். டாக்டர் ஈறைத் தடவிப் பார்த்து, கடைவாய்ப் பல் வருகிறது, நீங்கள் கொடுத்த மருந்தே போதும் என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார். திரும்பி வந்தபோது குமரன் வாசலில் நின்றிருந்தார். குழந்தைக்குக் கை நீட்டினார். நான் கொடுத்தேன். நடக்கத்தானே போகிறார்.

ஞாயிறு காலை மணிமுத்தாற்று மணலில் நடந்து பெரிய கோயிலுக்குப் போனோம். இனியனுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. தகப்பன் தோளில் இருந்தபடி கோபுரத்துப் புறாக்களைக் கூப்பிட்டான்.

"நேத்து எனக்குக் கோவம்தான்" என்றார் குமரன். "யோசிச்சுப் பாத்தேன். நான் ஓட்டியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

"ஆயிருக்காதுங்க" என்றேன். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"அதான் பயமா இருக்குது. ஸ்ட்ராங்கு குடிச்சா குடிச்சோம்னு தெரியும், படுத்துடுவேன். இது குடிச்சதே தெரியல. தெரியாமயே சாவிய எடுத்துட்டேன் பாரு."

மதியம் இரண்டு மணிக்குச் சென்னை பஸ். அண்ணி கழிவிலிருந்து ஒரு கோணல் யானையை இனியனுக்குக் கொடுத்தார். கூட்டம் நெரிந்தது, ஒரு இடம்தான் கிடைத்தது, அதில் என்னை உட்காரவைத்துவிட்டு, இனியனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார் குமரன். எங்கள் வீட்டுத் தட்டுகள் எல்லாம் நேரானவை, சனிக்கிழமைகள்தான் கோணல் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். தம்பியிடம் இன்னும் நான்கு பாட்டில் கேட்கலாமா, கூடாதா? கேட்டால் ஒன்றோடு நிறுத்தச் சொல்லும் வேலையும் எனக்கே வரும். ஆனால் கூடத்தில் தவழ்ந்த யானையும் கண்ணுக்குள்ளேயே நின்றது.

"அடுத்த சனிக்கிழமை?" என்று கேட்டேவிட்டேன்.

"எதுவானாலும் ஒண்ணுதான்" என்றார் குமரன். "அதுவும் இவன் தூங்கினப்புறம்."

உளுந்தூர்பேட்டையில் நான் கை நீட்டினேன், குழந்தையை மடியில் வாங்கிக்கொள்ள. அவர் கொடுக்கவில்லை. தூங்கிப்போன இனியனை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, மேல்கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்து நின்றார்.