ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு

பீளமேட்டு வீட்டில், சாப்பாட்டு மேசைமேல் இரும்பு ஸ்கேல் 'டங்'கென்று விழுந்தது. பிளஸ் டூ படிக்கும் மகள், ஆங்கிலப் பத்தியைப் படித்து விடை எழுதும் பயிற்சியில் இருந்தாள். அந்தச் சத்தத்தில் நான் என் பிளஸ் டூ வகுப்புக்கே போய்விட்டேன்.

"பத்திய முழுசாப் படிக்காதீங்க கண்ணுகளா, நேரம் பத்தாது" என்பார் எங்கள் ஆங்கில டீச்சர். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அந்த வரியை அப்படியே எழுத வேண்டும். அதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

பக்கத்தில் உக்கடத்து ஷமீமா. அவள் அத்தாவுக்கு மசாலாக் கடை. நோட்டைத் திறந்தாலே ஏலக்காய் மணக்கும். ஒருநாள் எழுதி முடித்து நிமிர்ந்தால், அவள் தாவணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள ஆச்சு?"

"அந்தாளு ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள அவங்கம்மா செத்துப்போச்சு புள்ள. நீ படிக்கலியா?"

எனக்குப் பத்துக்குப் பத்து, அவளுக்கு எட்டு. ஆனாலும் அன்று முழுக்க எனக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்குப் போய் அதே பத்தியை மூன்று முறை படித்தேன். அழுகை வரவில்லை, அவள்மேல் கோபம்தான் வந்தது.

மகளிடம் கேட்டேன்: "இது என்ன கதை கண்ணு?"

"கதையா? தெரியலம்மா. நீ சொல்லிக்குடுத்த மாதிரியே பதில் பூரா எழுதிப்போட்டேன்."

ஷமீமாவுக்கும் இந்த வயதில் ஒரு மகள் இருப்பாள். என் மகள் கோடு போட்ட இதே பத்தியைப் படித்து அவள் எங்கேயோ அழுதுகொண்டிருப்பாள் என்று தோன்றியது. மறுபடியும் வயிறு எரிந்தது.